ரெபின் பிறகு வரட்டும், முதலில் ஒரு சித்திர மாஸ்டரை அனுப்புங்கள்

"மலையகத்துப் பிள்ளைகளுக்குத் திறமை கொட்டிக் கிடக்கு" என்று யாராவது மேடையில் சொன்னால் எங்களுக்கு இப்போதெல்லாம் கை தட்ட வருவதில்லை. சிறுவர் தின மேடையில் இந்த வசனம் இருக்கும். மே தின மேடையிலும் இருக்கும். கூடவே ஒரு சித்திரப் போட்டி. பிரிஸ்டல் போர்ட்டில் ஒரு தேயிலை மலை, கூடை சுமந்த அம்மா, பின்னால் பாதிச் சூரியன். முதலாம் இடத்துக்கு ஒரு பெஸ்டல் பெட்டியும் ஒரு சான்றிதழும். அந்தப் பெட்டி முடியும்போது அந்தப் பிள்ளையின் சித்திரமும் முடிந்துவிடும். சான்றிதழ் மட்டும் இஸ்தோப்புச் சுவரில் புகை பிடித்துக்கொண்டு தொங்கும்.

திறமை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. திறமை இருக்கிற பிள்ளையை அடுத்த நாள் யார் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது? இதைக் கேட்டால் மேடையில் பதில் வராது. இந்தக் கேள்வியை இந்த முறை ரஷ்யா வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்விட்டு வந்திருக்கிறோம். கொஞ்சம் தூரம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கெம்பஸ் போன கொஞ்சப் பேர். எல்லோரும் கலைப்பீடம். விடுமுறையில் ஊருக்கு வந்தால் ஒரு தலைப்பை எடுத்துச் சேர்ந்து வாசிப்போம். இந்தத் தடவை ரஷ்ய ஓவியர்களின் வாழ்க்கையை எடுத்தோம். ரஷ்ய எழுத்தாளர்களைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்துப் பழைய தொழிற்சங்கக்காரர் வீட்டில் கூட கோர்க்கியின் 'தாய்' இருக்கும், அட்டை போன பிரதியாக. ஆனால் அதே நாட்டு ஓவியர்களில் யாரைத் தெரியும் என்று கேட்டால் எங்கள் கூட்டத்திலேயே ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வாசிக்கத் தொடங்கியதும் எங்களைப் பிடித்து நிறுத்தியவர் வசீலி திரப்பீனின். 1776இல் பிறந்தவர். பிறந்தது பண்ணையடிமையாக. அதாவது அந்த ஊர் நிலத்தோடும் மாட்டோடும் சேர்த்து அவரும் ஒரு பிரபுவின் சொத்து. பிரபுவின் மகளுக்குக் கலியாணம் நடந்தபோது சீதனத்தோடு சேர்ந்து மருமகன் மார்கோவ் என்ற பிரபுவின் கைக்குப் போனார். படம் வரைகிற பையன் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தலைநகரான பீட்டர்ஸ்பர்க்குக்கு அவரை அனுப்பியது கேக்கும் இனிப்பும் செய்யப் பழகுவதற்கு. அங்கே அவர் ஒளித்து ஒளித்து கலை அக்கடமிக்குப் போய் வகுப்புக் கேட்டார். பிறகு எப்படியோ அனுமதி கிடைத்து, வெளிமாணவராகச் சேர்ந்து படித்தார். 1804இல் அக்கடமிக் கண்காட்சியில் அவர் வரைந்த ஒரு படம் எல்லோர் கண்ணிலும் பட்டது. செத்துப்போன குருவிக்காக அழுகிற ஒரு சிறுவனின் படம். பெயர் வெளியே வர ஆரம்பித்தது.

அதே வருடம் பிரபு அவரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார். படிப்பு நின்றது. உக்ரைன் பக்கம் இருந்த பண்ணையில் போய் இனிப்புச் செய்தார், மேசையில் பரிமாறினார், வண்டி வாசலில் நின்றார். இடையில் கிடைக்கிற நேரத்தில் பிரபு குடும்பத்துக்குப் படமும் வரைந்தார். ஒரு கதை சொல்வார்கள். வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் இவருடைய படங்களைப் பார்த்து அசந்துபோயிருக்கிறார். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் பரிமாற வந்த வேலைக்காரன்தான் அந்த ஓவியன் என்று தெரிந்ததும், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு "உட்காருங்கள்" என்றாராம். பிரபுவுக்கு முகம் எங்கே வைப்பது என்று தெரியவில்லையாம்.

1823இல் விடுதலை கிடைத்தது. அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. மகனை விடவில்லை, அவன் இன்னும் ஐந்து வருடம் அடிமையாகவே இருந்தான். அந்த வருடமே வரைந்ததுதான் 'லேஸ் பின்னுகிறவள்' என்ற படம். வேலை செய்துகொண்டிருக்கிற ஒரு இளம்பெண் தலையைத் தூக்கி நம்மைப் பார்க்கிறாள், கை வேலையிலேயே இருக்கிறது. அடுத்த வருடம் அக்கடமி அவரைத் தன் அங்கத்தவராக எடுத்துக்கொண்டது. 1827இல் கவிஞர் புஷ்கினே வந்து அவர் முன்னால் உட்கார்ந்தார். கெட்டிக்காரத்தனம் எப்படியும் வெளியே வந்துவிடும் என்பதற்கு இவரை உதாரணமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. எங்களுக்கு அந்தக் கணக்கு சரிவரவில்லை. 1804இலிருந்து 1823 வரைக்கும் பத்தொன்பது வருடம். அந்தப் பத்தொன்பது வருடத்தை யார் கணக்கில் வைப்பது?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்துக்கு வந்த நம்ம ஆட்களும் ரஷ்யப் பண்ணையடிமையும் ஒன்றல்ல. நம்மவர்களை யாரும் சந்தையில் வைத்து விற்கவில்லை. ஆனால் துண்டு முறை என்று ஒன்று இருந்தது, தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடனை அடைத்து, துரையிடம் துண்டு வாங்கினால்தான் அடுத்த தோட்டத்தில் பேர் பதியலாம். துண்டு இல்லாதவனுக்கு எங்கேயும் பெரட்டு இல்லை. அது சட்டப்படி ஒழிந்தது 1921இல். திரப்பீனினைப் பிரபு திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டதை வாசித்தபோது எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் வந்த சொல் அதுதான்.

திரப்பீனினுக்காவது ஒரு முடிவு வந்தது. கிரிகோரி சொரோக்காவுக்கு அதுவும் இல்லை. 1823இல், திரப்பீனின் விடுதலையான அதே வருடம் பிறந்தவர். பக்கத்துப் பண்ணைக்காரரான வெனெத்சியானவ் ஒரு ஓவியர். தன் வீட்டிலேயே ஏழைப் பிள்ளைகளுக்கும் அடிமைப் பிள்ளைகளுக்கும் சித்திரம் பழக்கியவர். அவரிடம்தான் சொரோக்கா படித்தார். தண்ணீரும் தோணியும் மீன்பிடிக்கிற ஆட்களுமாக, சத்தமே இல்லாத படங்கள். ஆசிரியர் கெஞ்சிப் பார்த்தும் எஜமான் விடுதலை தரவில்லை. 1861இல் சட்டம் வந்து எல்லோரும் விடுதலையானபோது சொரோக்கா படம் வரையப் போகவில்லை. ஊராட்கள் எஜமானுக்கு எதிராகச் செய்த முறைப்பாட்டில் முன்னுக்கு நின்றார். அதற்குத் தண்டனை வந்தது. 1864இல் தூக்குப் போட்டுக்கொண்டார். அவர் விடுதலையானது முப்பத்தெட்டு வயதில், அதற்கு மேல் மூன்று வருடம்தான்.

உக்ரைன் மக்களின் தேசியக் கவிஞரான தராஸ் ஷெவ்சென்கோவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கலாம். அவரும் பண்ணையடிமைதான், ஓவியரும்தான். அடிமையாக இருக்கும்வரை அக்கடமி வாசலில் கால் வைக்க முடியாது. அதனால் பெரிய ஓவியரான பிரியுல்லோவ், ஷுக்கோவ்ஸ்கி என்ற கவிஞரின் உருவப்படத்தை வரைந்துகொடுத்தார். அந்தப் படத்தை லொத்தரில் போட்டுக் காசு சேர்த்தார்கள். 1838இல் 2500 ரூபிள் கட்டி ஷெவ்சென்கோவை மீட்டார்கள். ஒரு படத்தை விற்று ஒரு ஓவியனை வாங்கியிருக்கிறார்கள். கேட்க நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவனை மீட்க ஒரு பெரிய ஓவியர், ஒரு பெரிய கவிஞர், ஒரு லொத்தர் தேவைப்பட்டது என்றால், மற்ற அடிமைப் பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று கேட்காமல் இருக்க முடியுமா?

இந்தக் கதைகளையெல்லாம் நம்ம ஊரில் சொன்னால் "பார்த்தியா, விடாமுயற்சி" என்று முடித்துவிடுவார்கள். நாங்கள் இதற்கு நேர் எதிராக வாசிக்கிறோம். அடுத்த தலைமுறை ரஷ்ய ஓவியர்களைப் பாருங்கள், விசயம் புரியும்.

இல்யா ரெபின். 1844இல் சுகுயேவ் என்ற சின்ன ஊரில், இராணுவக் குடியேற்றத்துச் சிப்பாய் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அந்த ஊர் இன்று உக்ரைனில் இருக்கிறது. சின்ன வயதில் அவருக்கு ஊரிலேயே வரைபடம் கீறப் பழக்குகிற ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. அது மூடப்பட்டதும் புனாகோவ் என்ற கோயில் பட ஓவியரிடம் வேலை பழகினார். அந்தத் தொழிலில் உழைத்த காசில்தான் 1863இல் பீட்டர்ஸ்பர்க் போனார். நேரே அக்கடமியில் எடுக்கவில்லை. ஒரு சங்கம் நடத்திய சித்திரப் பள்ளியில் முதலில் சேர்ந்தார். அங்கே சொல்லிக்கொடுத்தவர் கிராம்ஸ்கோய். அடுத்த வருடம் அக்கடமி. எண்ணிப் பார்த்தால் இருபது வயதுக்கு முதல் நாலு படி, நாலிலும் கை பிடிக்க யாரோ இருந்திருக்கிறார்கள்.

வசீலி சூரிக்கோவ் இன்னும் தூரம். சைபீரியாவில் கிராஸ்னயார்ஸ்க். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கிரெப்னெவ் என்று ஒரு சித்திர ஆசிரியர் இருந்தார். கலை வரலாற்றில் அவருக்குத் தனி அத்தியாயம் ஒன்றும் கிடையாது. ஆனால் சூரிக்கோவுக்குப் பென்சில் பிடிக்கக் காட்டியவர் அவர்தான். பெரிய ஓவியரான பிறகும் சூரிக்கோவ் அவரை மறக்கவில்லை. 1868 கடைசியில், ஊரிலிருந்த ஒரு தங்கச் சுரங்க முதலாளி செலவைப் பொறுப்பேற்க, தலைநகருக்கு மீன் ஏற்றிக்கொண்டு போன வண்டிகளோடு புறப்பட்டார். நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல், பனிக்காலம், இரண்டு மாதப் பயணம். போய்ச் சேர்ந்து பரீட்சை எழுதினால் பெயில். சித்திரப் பள்ளியில் மூன்று மாதம் பழகிவிட்டுத் திரும்ப எழுதிப் பாஸானார்.

இந்த இரண்டு பேருக்கும், வஸ்நெத்சோவ், செரோவ், வ்ரூபெல் என்று அந்தக் காலத்துப் பெரிய பெயர்களில் பாதிக்கும் பொதுவாக ஒரு ஆசிரியர் இருந்தார். பாவெல் சிஸ்த்யாகோவ். இந்தக் கட்டுரையை எழுத வைத்த ஆள் இவர்தான். 1832இல் பிறந்தவர், தகப்பன் பண்ணையடிமையாக இருந்தவர். மகனாவது சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று தகப்பன் பார்த்துக்கொண்டார். அக்கடமியில் படித்து, இத்தாலிக்கும் போய்வந்து, 1872இலிருந்து இருபது வருடம் அதே அக்கடமியில் சொல்லிக்கொடுத்தார். அவர் வரைந்த படங்கள் கொஞ்சம்தான். ஒரு பெரிய படத்தை வருடக்கணக்காக வைத்துக்கொண்டு முடிக்காமலே விட்டார். ஆனால் ஒரு பொருளைக் கண்ணால் எப்படி அளப்பது, தட்டையான தாளில் அதன் பக்கங்களை எப்படிக் கட்டி எழுப்புவது என்பதை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. பெயர் எடுத்த ஓவியர்கள் கூட அவரிடம் திரும்ப வந்து அரிச்சுவடியிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். ரஷ்ய ஓவியம் என்று உலகம் இன்று கொண்டாடுகிறதில் பெரும் பங்கு அவர் வகுப்பறையிலிருந்து வெளியே வந்தது.

ஒரு பண்ணையடிமையின் மகன் வாத்தியாரானதும் ஒரு தலைமுறை எழும்பியது. எங்கள் வாதம் இவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்திலும் இது நடந்திருக்கிறது. எஸ்.ஆர். கனகசபை 1938இல் அங்கே வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள் ஒன்றுசேர்ந்த இடம் அது. பிறகு விடுமுறைக்கால ஓவியர் கழகம் என்று ஒன்று இயங்கியது. அதோடு சேர்ந்து வருகிற பெயர் அ. மாற்கு. கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு ஊருக்கு வந்து, யுத்தத்துக்குள்ளேயும் பிள்ளைகளுக்கு வரையப் பழக்கியவர். அவரிடம் பழகிய வாசுகி ஜெய்சங்கர் பிறகு மட்டக்களப்பில் இருந்து வேலை செய்தார். இப்போது யாழ் பல்கலைக்கழகத்தில் தா. சனாதனன் போன்றவர்கள் கற்பிக்கிறார்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு என்று அங்கே ஒரு தொடர்ச்சி இருக்கிறது. கொழும்பில் 1943இல் தொடங்கிய '43 குழுவுக்கும், ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ் போன்றவர்களுக்கும் லண்டன், பாரிஸ் வரைக்கும் தொடர்பும் வசதியும் இருந்தது. அதைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், நாங்கள் விடுகிறோம்.

ஊவாவுக்கு வருவோம். எழுத்தில் நமக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. சி.வி. வேலுப்பிள்ளையைச் சொல்லலாம். பதுளைக்கென்றே தெளிவத்தை ஜோசப் இருந்தார். ஹாலி-எலப் பக்கத்துத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர், தெளிவத்தைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர், 2013இல் விஷ்ணுபுரம் விருது வாங்கியவர். பதுளையில் தமிழோவியன் என்று ஒரு கவிஞரும் இருந்தார். ஓவியம் பெயரில் இருந்தது, ஆனால் கையில் இருந்தது பேனா. நம்ம மண்ணில் எழுத்தாளர்கள் வந்தார்கள், ஓவியர்கள் ஏன் வரவில்லை என்று யோசித்தால் பதில் ஒன்றும் மர்மம் இல்லை. எழுதுகிறவனுக்கு ஒரு கொப்பியும் முத்திரைக் காசும் போதும். அது போதாமல், 1960களில் வீரகேசரியும் மலையக எழுத்தாளர் மன்றமும் சேர்ந்து சிறுகதைப் போட்டி வைத்தன. பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்று புத்தகமாக வந்தன. எழுத்துக்கும் யாரோ ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள் என்றுதான் அர்த்தம். சித்திரத்துக்கு அப்படி ஒரு வாசல் திறந்ததாக நாங்கள் தேடிய அளவில் கண்ணில் படவில்லை.

அதற்காகத் தோட்டத்தில் வரைகிறவர்கள் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். காமன் கூத்துக்கு முகத்தில் அரிதாரம் பூசுகிறவர் யார்? முச்சந்திக் கோயில் சுவரில் மாரியம்மனை எழுதியவர் யார்? சங்கத்துக் கொடியில் சேவலையோ ஏரையோ கீறுகிறவர், ஓட்டோவின் பின்பக்கத்தில் புலியையும் ரஜினியையும் கொண்டுவருகிறவர்? இவர்கள் எல்லோரும் நம்ம புனாகோவ்கள்தான். புனாகோவிடமிருந்து ரெபின் போனதுபோல அடுத்த படிக்குப் போகத்தான் இவர்களுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. பெரிய கோயிலில் கும்பாபிஷேகம் என்றால் வர்ணம் பூச இந்தியாவிலிருந்து ஆள் வருகிறது. நம்ம பையன் சுண்ணாம்பு வாளி தூக்குகிறான்.

நாமே வரையாவிட்டால் என்ன நடக்கும்? வேறு ஆட்கள் வரைவார்கள். நூறு வருடமாக வரைந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 1920களிலும் 30களிலும் லண்டனில் பேரரசுச் சந்தைப்படுத்தல் சபை அச்சடித்த போஸ்டர்களிலிருந்து இன்றைய தேயிலைப் பக்கெட் வரைக்கும் ஒரே பெண்தான். சிரிப்பு, கூடை, பச்சை மலை. அட்டை கடித்த கால் கிடையாது. தலைக்கயிறு அழுத்திய தழும்பு கிடையாது. அப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீற்றில் நின்று செல்பி எடுக்கிறவர்களும் அதே படத்தைத்தான் கொண்டுபோகிறார்கள்.

ரெபினின் 'வோல்கா படகிழுப்பவர்கள்' படத்தைத் தேடிப் பாருங்கள், இணையத்தில் பெரிய அளவிலேயே கிடைக்கும். 1870இல் தொடங்கி 1873இல் முடித்தது. ஆற்று ஓரத்தில் தோளில் வார் மாட்டிக்கொண்டு பெரிய படகை இழுக்கிற பதினொரு பேர். அக்கடமியில் படித்துக்கொண்டிருந்தபோதே வோல்கா ஆற்றங்கரைக்குப் போய், அந்த ஆட்களோடு பேசிப் பழகி, ஒவ்வொருவராக உட்காரவைத்து வரைந்தார். முன்னுக்கு நிற்கிறவர் பெயர் கானின், ஒரு காலத்தில் பாதிரியாராக இருந்தவர். எங்களுக்குப் பிடித்தது இதுதான்: அந்தக் கூலியாளுக்குப் படத்துக்குள்ளே ஒரு முகமும் படத்துக்கு வெளியே ஒரு பெயரும் இருக்கிறது. நம்ம தேயிலைப் பக்கெட்டில் சிரிக்கிற அம்மாவின் பெயர் என்ன? எந்த மலையில் கொழுந்து எடுத்தார்?

இரக்கம் மட்டும் இருந்திருந்தால் அந்தப் படம் வந்திருக்காது. பதினொரு உடம்பு, பதினொரு விதமாகச் சரிந்து நிற்கிறது. அதைக் கீற எலும்பு தெரிய வேண்டும், தசை தெரிய வேண்டும், தூரத்தில் மனிதன் எவ்வளவு சின்னதாகத் தெரிவான் என்று கணக்குத் தெரிய வேண்டும். அது வகுப்பில் வருவது. ரெபினை வெறும் போராளி ஓவியராக மட்டும் நம்ம இடதுசாரிச் சித்தப்பாமார் சொல்லும்போது இந்தப் பாதி விடுபட்டுப் போகிறது.

மலையகத்திலிருந்து இப்போது சிலர் வந்திருக்கிறார்கள் என்பது பெரிய சந்தோசம். தேயிலைச் சாயத்தையும் தேயிலைப் பையையுமே பொருளாக எடுத்து வேலை செய்கிற ஹனுஷா சோமசுந்தரம், தோட்டத்து மனிதர்களை வரைகிற அருள்ராஜ் உலகநாதன். இரண்டு பேரும் படித்தது யாழ் பல்கலைக்கழகத்தில். தற்செயல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. கற்பிக்கிற இடம் எங்கே இருக்கிறதோ அங்கேயிருந்துதான் ஆள் வரும்.

சரி, பதுளை மாவட்டத்தில் ஒரு பிள்ளை இதே வழியில் போக வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்? ஆறாம் வகுப்பில் அழகியற் பாடம் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். தெரிவு என்பது பேருக்குத்தான், பள்ளிக்கூடத்தில் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அதுதான் பாடம். எங்களில் ஒருவர் படித்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடவேளையில் கணக்குச் செய்தார்கள். இன்னொருவருக்கு அது தோட்டம் துப்புரவாக்குகிற நேரம். இன்னொருவர் சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுத்தார், ஒரு ஆசிரியரும் இல்லாமல், கடந்தகால வினாத்தாளைப் பார்த்து. உயர்தரத்தில் சித்திரம் வேண்டுமென்றால் தமிழில் சொல்லித்தர ஆள் இருக்கிற பள்ளிக்கூடத்தைத் தேடிப் பட்டணத்துக்குப் போக வேண்டும், பஸ் காசு, இல்லாவிட்டால் போர்டிங் காசு. அதையும் தாண்டினால் பல்கலைக்கழக நுண்கலைக்கு உளச்சார்புப் பரீட்சை. மட்டக்களப்பு சுவாமி விபுலானந்தா நிறுவனத்துக்கு என்றால் செங்கலடி வீதியால் இறங்கலாம். யாழ்ப்பாணம் என்றால் ராவு பஸ். அங்கே பக்கத்தில் உட்காருகிற பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து மாஸ்டரிடம் பழகி வந்திருக்கும். நம்ம பிள்ளை முதல் முறையாக ஒரு ஆளை முன்னால் உட்காரவைத்து வரையப் போகிறது. சூரிக்கோவ் பெயிலானது இதனால்தான், ஆனால் அவருக்கு அதே ஊரில் மூன்று மாதம் பழக ஒரு பள்ளிக்கூடம் இருந்தது.

பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கு ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, நல்லது, வேண்டும். தேயிலையை எப்படி உலர்த்துவது, தரம் பிரிப்பது என்று நாலு வருடம் படிக்கலாம். அந்தத் தேயிலையைப் பறிக்கிற கையை எப்படி வரைவது என்று படிக்க இந்த மாகாணத்தில் தமிழில் ஒரு பட்டப்படிப்பும் கிடையாது.

"முதல்ல சம்பளம், காணி, வீடு. அதுக்குப் பிறகு சித்திரம் பார்ப்போம்" என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். தம்பி ஒருவன் உயர்தரத்துக்குச் சித்திரம் என்றதும் அவன் அம்மா "படம் கீறி பசியாறுமா ராசா" என்று கேட்டது கோபத்தில் இல்லை, பயத்தில். அந்தப் பயம் நியாயமானது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கான கோரிக்கை வர்த்தமானியில் வர 2021 ஆகிவிட்டது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயத்தோடு மண்ணுக்குள் போனவர்களை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் இந்த வரிசை எங்களுக்குப் பழக்கமான வரிசை. முதலில் இது, பிறகு அது. இருநூறு வருடத்தை 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்தோம். அந்த "பிறகு" இன்னும் வரவில்லை. ரஷ்யாவில் மட்டும் எல்லோருக்கும் வயிறு நிறைந்த பிறகா படம் வரைந்தார்கள்? 1863இல் கிராம்ஸ்கோயும் இன்னும் பதின்மூன்று பேரும் அக்கடமி கொடுத்த புராணத் தலைப்பில் வரைய முடியாது என்று பட்டத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு வெளியே வந்தபோது அவர்கள் கையில் காசு கிடையாது. சேர்ந்து ஒரு வீடு எடுத்து, ஒன்றாகச் சமைத்து, வருகிற வேலையைப் பங்குபோட்டுச் செய்தார்கள். 1870இல் தொடங்கிய நடமாடும் கண்காட்சிச் சங்கம் அந்த அனுபவத்திலிருந்து வந்தது. படத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு தலைநகரை விட்டு வேறு பட்டணங்களுக்குப் போனார்கள்.

யூரியூப் பார்த்து வரையலாமே என்றும் கேட்பார்கள். வரையலாம், எங்களில் இரண்டு பேர் அப்படித்தான் வரைகிறார்கள். சிக்னல் கிடைக்கிற மேட்டில் உட்கார்ந்து. ஆனால் யூரியூப் உங்கள் தாளைப் பார்த்து "இந்தக் கை ஏன் இவ்வளவு நீளம்?" என்று கேட்காது. அதைக் கேட்கத்தான் மாஸ்டர்.

எங்களுக்கு அதிசயப் பிள்ளை ஒன்று வேண்டாம். கொழும்பிலிருந்து யாரோ கண்டெடுத்து, பத்திரிகையில் படம் போட்டு, வெளிநாடு அனுப்பி வைக்கிற ஒரு லயத்துப் பிள்ளை வந்தால் சந்தோசம்தான், ஆனால் அது ஷெவ்சென்கோவின் லொத்தர் மாதிரி. நாங்கள் கேட்பது நிரந்தர நியமனம். ஊவாவின் தமிழ்மொழி மூலப் பள்ளிக்கூடங்களுக்கு, தமிழில் சொல்லித்தரக்கூடிய, பயிற்சி பெற்ற சித்திர ஆசிரியர்கள். ஒவ்வொரு வலயத்திலும் உயர்தரச் சித்திரம் நடக்கிற ஒரு பள்ளிக்கூடமாவது. பரீட்சைக்கு முதல் பதுளையிலேயே உளச்சார்புப் பரீட்சைக்கான ஒரு பயிற்சி. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

அதுவரை சும்மா இருக்கவும் மாட்டோம். வருகிற டிசம்பர் விடுமுறையில் பசறைப் பக்கத்தில் பத்து நாள் வகுப்பு ஒன்று வைக்கப் பார்க்கிறோம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சித்திரம் படிக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இடத்துக்கு ஒரு கோயில் மண்டபம் கேட்டிருக்கிறோம். டிமை பேப்பர், 2பி, 4பி பென்சில், பழைய செய்தித்தாள், இவ்வளவும் போதும். தேயிலைப் படம் கீறுவது இல்லை. முதல் நாள் ஒரு கொழுந்துக் கூடை, ஒரு சவுக்காரப் பெட்டி, ஒரு பிலாப்பழம், பார்த்து வரைவது. கடைசி இரண்டு நாள் யாராவது ஒரு அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் பெயரைத் தாளின் கீழே எழுதி வரைவது. உட்காருகிற அம்மாவுக்கு அன்றைய நாட்சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம், காசு சேர்க்கிறோம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. பண்டாரவளையிலிருந்து மடுல்சீமை வரைக்கும், அல்துமுல்லையிலிருந்து லுணுகலை வரைக்கும், உங்கள் பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடவேளை வாரத்துக்கு எத்தனை, அதை எடுக்கிறவர் சித்திரம் படித்தவரா அல்லது வேறு பாட ஆசிரியரா, ஆளே இல்லையென்றால் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று எங்களுக்கு எழுதுங்கள். அதிபர், ஆசிரியர் பெயர் ஒன்றும் வேண்டாம், யாரையும் மாட்டிவிடுவது நோக்கம் இல்லை. கணக்கு சேர்ந்ததும் வலயவாரியாக இங்கேயே போடுவோம், பிறகு அதை எடுத்துக்கொண்டு மாகாணக் கல்வித் திணைக்களத்துக்குப் போவோம்.